'தே தேயும்': ஒரு நன்றிப் பாடலின் வரலாறு

பாட்டினால் பெயர் பெற்ற ஊர் நம் திருவாலங்காடு. காரைக்காலில் வணிகர் குடியில் புனிதவதி என்ற பெயரோடு பிறந்து, பின்னாளில் காரைக்கால் அம்மையார் எனப் போற்றப் பெற்ற மூதாட்டியார், இத்தலத்தின் மீது பாடிய இரு பதிகங்கள் 'மூத்த திருப்பதிகம்' என்னும் பெயரோடு பதினோராம் திருமுறையில் உள்ளன. அவற்றைப் படித்த மாணவியர் ஒரு செய்தியைக் கவனித்திருப்பீர்கள். பதிகத்தின் கடைசிப் பாட்டில் அம்மையார் தம் பெயரைத் தாமே வைத்துப் பாடுகிறார். பாடியவர் பெயரும், பாடுவோர் பெறும் பயனும் அந்த இறுதிப் பாட்டில் அமைந்திருக்கும். தேவாரத்திலும் சம்பந்தரும் சுந்தரரும் இவ்வாறே பாடினர். திருக்கடைக்காப்பு என்று அதற்குப் பெயரும் உண்டு. எனவே, இப்பாடல் யாருடையது என்ற ஐயம் நமக்கு எழுவதில்லை. பாட்டே சாட்சி சொல்லிவிடுகிறது.

அம்மையார் வாழ்ந்தது 6-ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் என்பர். ஏறக்குறைய அதே காலத்தில், கடல்களுக்கு அப்பால், மேலை நாட்டுத் துறவியர் மடங்களில் வேறொரு துதிப்பாடல் ஞாயிறுதோறும் ஒலித்துக் கொண்டிருந்தது. அது 'தே தேயும்' என்னும் இலத்தீன் கீதம். கிறிஸ்தவ உலகம் இன்றுவரை பாடிவரும் நன்றிப் பாடல்களுள் தலையாயது இதுவே எனலாம். ஆனால் அதற்குக் கடைக்காப்பு இல்லை. பாடியவர் தம் பெயரை அதில் எங்கும் வைக்கவில்லை. ஆகவே அது யாருடையது என்ற கேள்வி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எழுந்துகொண்டே இருக்கிறது. அக்கேள்விக்குக் கிடைத்த விடைகளையும், அப்பாடலை யார் யார் எதற்கெல்லாம் பாடினார்கள் என்பதையும் இங்கே காண்போம்.

முதலில் பெயர். பழைய நூல்கள் பலவற்றைப் போல இதுவும் தன் முதற்சொற்களாலேயே அழைக்கப்படுகிறது. இலத்தீனில் 'தே' என்றால் 'உம்மை'; 'தேயும்' என்றால் 'கடவுளை'. தமிழ் இலக்கணம் படிக்கும் மாணவியர் இங்கே சற்று நிற்க வேண்டும். 'கடவுளே' என்று விளித்திருந்தால் அச்சொல் 'தேயுஸ்' என்று இருந்திருக்கும். ஆனால் அங்கே நிற்பது விளி வேற்றுமை அன்று; நம் 'ஐ' உருபுக்கு ஒப்பான இரண்டாம் வேற்றுமை. 'உம்மை' என்பதும் இரண்டாம் வேற்றுமை, 'கடவுளை' என்பதும் இரண்டாம் வேற்றுமை. ஆகவே, கடவுள் என்று உம்மை ஏற்றுப் புகழ்கிறோம் என்பதே சொல்லுக்குச் சொல் கிடைக்கும் பொருள். பல மொழிபெயர்ப்புகள் இதை விளியாக மாற்றிவிட்டன. பல தெய்வ வணக்கம் நிலவிய உரோமைப் பேரரசில், 'உம்மையே கடவுளாக ஏற்கிறோம்' என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்வது உயிரைப் பணயம் வைத்துச் சொல்வதாக இருந்த காலம் உண்டு. விளியாக மாற்றும்போது அந்த உறுதிமொழியின் சூடு சற்றே தணிந்துவிடுகிறது என்பது என் கருத்து.

இன்னொரு நயமும் உண்டு. இலத்தீன் பாடலின் முதற்சொல் 'உம்மை' என்பது. பாடுகிறவர் பின்னால் நின்று, பாடப்படுகிறவரை முன்னால் நிறுத்துகிறார். ஆங்கிலத்தில் இதைப் பெயர்த்தபோது 'நாங்கள்' என்ற சொல் முந்திக்கொண்டது. அம்மொழியின் தொடரமைப்பு அப்படி. தமிழிலோ செயப்படுபொருளை முதலில் வைத்துத் தொடங்குவதற்கு யாதொரு தடையும் இல்லை. நம் வாய்க்கு அது இயல்பாகவே வரும்.

இனி, பாடியவர் யார் என்ற கேள்விக்கு வருவோம். ஞானோபதேச வகுப்புகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் அழகிய கதை ஒன்று உண்டு. 387-ஆம் ஆண்டு உயிர்ப்பு விழாவின் முன்னிரவில், மிலான் நகரில், ஆயர் புனித அம்புரோசியார் கையால் புனித அகுஸ்தினார் ஞானஸ்நானம் பெற்றார். அவர் தண்ணீரிலிருந்து எழுந்தபோது, தூய ஆவியின் ஏவுதலால் அம்புரோசியார் ஒரு வரி பாட, அகுஸ்தினார் மறுவரி பாட, இவ்வாறே மாறி மாறிப் பாடி இருவரும் இக்கீதத்தை நிறைவு செய்தனர் என்பது கதை. இருவரும் திருச்சபையின் மறைவல்லுநர்கள்; ஒருவர் குரு, மற்றவர் சீடர். கேட்கும்போதே மனம் நெகிழ்கிறது.

ஆனால் வரலாறு இதற்குத் துணை நிற்கவில்லை. இக்கதை எழுத்தில் காணப்படுவது 9-ஆம் நூற்றாண்டில்தான். அதாவது நிகழ்ச்சிக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து. அகுஸ்தினாரே தம் வாழ்க்கையை எழுதி வைத்திருக்கிறார். அந்நூலின் ஒன்பதாம் பகுதியில் தாம் ஞானஸ்நானம் பெற்றதையும், மிலான் ஆலயத்தில் பாடல்களைக் கேட்டுக் கண்ணீர் விட்டதையும் சொல்கிறார். தாமே ஒரு பாடலைப் பாடியதாக ஒரு சொல்லும் இல்லை. தம் சிறு பிழைகளைக்கூட மறைக்காமல் எழுதியவர் இத்தனை பெரிய அருளை மறந்திருப்பாரா?

பாட்டின் அமைப்பும் வேறு கதை சொல்கிறது. அம்புரோசியார் பாடல் புனைந்தவர்தாம், அதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய பாடல்கள் நான்கு நான்கு அடிகளாக, அடிக்கு எட்டு அசையாக, யாப்பு பிசகாமல் அமைந்தவை. 'தே தேயும்' அப்படிப்பட்ட செய்யுள் அன்று. திருப்பாடல்களைப் போல ஓசை நயத்தோடு ஓடும் உரைநடை அது. வெண்பா ஒன்றையும் வசனகவிதை ஒன்றையும் அருகருகே வைத்தால் ஒருவர் கைவேலைதான் என்று சொல்லத் தயங்குவோம் அல்லவா? அதைப் போன்றது இது.

அப்படியானால் இக்கதையை மாணவியருக்குச் சொல்லக் கூடாதா? சொல்லலாம், கதை என்று சொல்லிச் சொல்லலாம். அதோடு, அகுஸ்தினார் எழுதி வைத்த உண்மை நிகழ்ச்சியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது கதையைவிடச் சிறந்தது. 386-ஆம் ஆண்டில் பேரரசனின் தாய் யுஸ்தீனா, அம்புரோசியாரின் ஆலயத்தைப் பறிக்க முயன்றாள். ஆயரோடு சாகவும் துணிந்து மக்கள் ஆலயத்துக்குள்ளேயே இரவும் பகலும் தங்கினர். அவர்கள் சோர்ந்துவிடாதிருக்கவே, கீழை நாட்டு வழக்கப்படி திருப்பாடல்களையும் கீதங்களையும் பாடும் முறை அங்கே ஏற்படுத்தப்பட்டது. அந்தக் கூட்டத்தில் கண்விழித்திருந்தவர்களில் முன்னணியில் நின்றவர் ஒரு விதவைத் தாய். அகுஸ்தினாரின் அன்னை மோனிக்கா. மேலைத் திருச்சபையில் மக்கள் கூடிப் பாடும் வழக்கம் பரவியதற்கு மிலான் நகரின் இந்த இரவுகள் ஒரு முக்கியக் காரணம்.

பழைய அயர்லாந்துக் கையெழுத்துப் படிகள் சில 'நிசேத்தா' என்ற பெயரைக் குறிக்கின்றன. அதை வைத்து, ரெமெசியானா நகர ஆயர் நிசேத்தாவே ஆசிரியர் என்று 1894-இல் பெனதிக்து சபை அறிஞர் ஜெர்மேன் மொரேன் வாதிட்டார். ரெமெசியானா என்பது இன்றைய செர்பியா நாட்டிலுள்ள ஊர். நிசேத்தா 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். திருப்பாடல்களைப் பாடுவதன் நன்மையைப் பற்றியே எழுதியவர். பலர் இக்கருத்தை ஏற்றனர், சிலர் மறுத்தனர். வழக்கு இன்னும் முடியவில்லை.

பாடியவரை விட்டுவிட்டுப் பாடலைக் காத்தவர்களைத் தேடினால் நமக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கிறது. இப்பாடலைப் பற்றிய மிகப் பழைய செய்திகளுள் ஒன்று, இன்றைய பிரான்சு நாட்டின் தென்பகுதியிலுள்ள ஆர்ல் நகரிலிருந்து வருகிறது. அந்நகர ஆயர் புனித செசாரியுஸ் (502 முதல் 542 வரை ஆயர்) துறவியருக்காக எழுதிய ஒழுங்குகளில், ஞாயிறு வைகறை வழிபாட்டில் 'தே தேயும்' பாட வேண்டும் என்று விதித்தார். அவர் 512-ஆம் ஆண்டில் பெண்களுக்காகவும் ஒரு மடத்தைத் தோற்றுவித்து, அதைத் தம் சகோதரி செசாரியாவின் பொறுப்பில் விட்டார். அம்மடத்துக் கன்னியருக்கென எழுதிய ஒழுங்கிலும் இப்பாடல் இடம் பெற்றது. அதே ஒழுங்கில் மற்றொரு விதியும் உண்டு: மடத்திலுள்ள எல்லாரும் எழுத்தறிய வேண்டும். அரசகுமாரிகளுக்கே கல்வி அரிதாயிருந்த காலத்தில், ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், எல்லாப் பெண்களும் கற்க வேண்டும் என்று விதித்த வீடு அது. ஆலய மணி ஒலிக்க, இருட்டு விலகுமுன், எழுத்தறிந்த அந்தப் பெண்கள் கூடிப் பாடிய பாடலையே நம் அருட்சகோதரிகளும் தங்கள் சிற்றாலயத்தில் பாடுகிறார்கள்.

அதே 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனதிக்து எழுதிய மடத்து ஒழுங்கின் 11-ஆம் இயலும் இதையே கூறுகிறது. ஞாயிறு இரவு வழிபாட்டில் வாசகங்கள் முடிந்ததும் மடாதிபதி 'தே தேயும்' என்று தொடங்க வேண்டும். அது முடிந்தபின் எல்லாரும் அச்சத்தோடும் வணக்கத்தோடும் எழுந்து நிற்க நற்செய்தி வாசிக்கப்படும். இப்பாடலைத் தாங்கிய பழைய ஏடுகளுள் ஒன்று அயர்லாந்தின் பேங்கர் மடத்தில் 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டது. அந்த ஏடு இப்போது இருக்குமிடம், மிலான் நகரில் அம்புரோசியார் பெயரால் விளங்கும் நூலகம்! கதை சொன்னவர்கள் இதை அறிந்தால் மகிழ்வார்கள்.

இனி, பாடலுக்குள் நுழைவோம். வழக்கமான பிரிப்பின்படி இதில் 29 சிறு வரிகள். தந்தையாகிய கடவுளை விண்ணும் மண்ணும் வணங்குவதாக முதற்பகுதி விரிகிறது. வானதூதர் அணி, திருத்தூதர் குழு, இறைவாக்கினர் கூட்டம், வேதசாட்சிகளின் படை, உலகெங்கும் பரந்த திருச்சபை என்று வரிசை வரிசையாகப் பாடுவோர் சேர்ந்துகொண்டே போகிறார்கள். திருவிழாத் தேர்வடத்தை ஊர் ஊராக வந்தவர்கள் கை சேர்த்துப் பிடிப்பது போன்ற காட்சி அது.

இந்த வரிசைக்கு மூலம் போல் தோன்றும் ஒரு பகுதி, ஏறத்தாழ 252-ஆம் ஆண்டில், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் புனித சிப்பிரியான் எழுதிய சிறு நூலில் இருக்கிறது. விண்ணகத்தில் நமக்காகக் காத்திருப்போர் யார் யார் என்று கூறும்போது திருத்தூதர், இறைவாக்கினர், வேதசாட்சிகள் என்று அதே முறைவைப்பில் அவர் அடுக்குகிறார். அந்நூல் எழுந்த சூழ்நிலையை நாம் மறக்கலாகாது. கொள்ளைநோய் நகரத்தை வாட்டிக் கொண்டிருந்தது, வீடுதோறும் சாவு. அஞ்சி நடுங்கிய தம் மக்களுக்கு ஆறுதலாக ஆயர் எழுதியது அது. அவரே 258-ஆம் ஆண்டில் வேதசாட்சியாகத் தலை கொடுத்தார். 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றில் ஆலயக் கதவுகள் மூடிக் கிடந்ததை நினைவில் வைத்திருக்கும் நாம், அந்தக் கார்த்தேஜ் மக்களை எளிதாகப் புரிந்துகொள்வோம்.

இரண்டாம் பகுதி கிறிஸ்துவை நோக்கியது. மனிதரை மீட்க வந்தவர் ஒரு கன்னிப் பெண்ணின் வயிற்றில் தங்கக் கூசவில்லை என்ற கருத்து இங்கே வருகிறது. பெண்ணுடலைத் தீட்டென்று ஒதுக்கிய எண்ணம் கிழக்கிலும் மேற்கிலும் பரவியிருந்த காலத்தில் எழுந்த வரி இது. இதனை ஒருமுறை நின்று படியுங்கள்.

இப்பகுதியின் இறுதியில், புனிதர்களோடு எங்களையும் சேர்த்தருளும் என்ற வேண்டுதல் உள்ளது. இங்கே ஓர் எழுத்து விளையாட்டும் நிகழ்ந்திருக்கிறது. பழைய ஏடுகளில் இருந்த சொல் 'மூனெராரி'; பரிசளிக்கப்படுதல் என்பது பொருள். பிற்காலத்து ஏடுகளிலும் அச்சு நூல்களிலும் அது 'நூமெராரி' என்று மாறிவிட்டது. எண்ணப்படுதல் என்று பொருள். இரண்டு மெய்கள் இடம் மாறின, பொருளும் மாறியது. பரிசு கேட்ட வாய் இப்போது 'கணக்கில் சேர்த்துக்கொள்ளும்' என்று மட்டும் கேட்கிறது. ஏடு பெயர்த்தெழுதியவரின் கை தவறியது என்று அறிஞர் சொல்லட்டும். எனக்கென்னவோ புதிய பாடமே பணிவுள்ளதாகத் தோன்றுகிறது.

மூன்றாம் பகுதி பின்னாளில் சேர்ந்தது. திருப்பாடல்கள் 28, 145, 123, 33, 31 ஆகியவற்றிலிருந்து எடுத்த வரிகளின் கோவை அது. புகழ்ச்சி இங்கே மன்றாட்டாக மாறிவிடுகிறது. இரக்கம் வையும், இன்று பாவத்தில் விழாதபடி காத்தருளும் என்ற குரலே ஒலிக்கிறது. இன்றைய வழிபாட்டு நூலில், விரும்பினால் இப்பகுதியை விட்டுவிடலாம் என்ற குறிப்பும் உண்டு. விடாமல் பாடுவதே நன்று என்பேன். ஏனெனில், முதலிலிருந்து 'நாங்கள், நாங்கள்' என்று பன்மையிலேயே வந்த பாடல், கடைசி வரியில் மட்டும் திடீரென்று 'நான்' என்று ஒருமைக்கு இறங்குகிறது. உம்மையே நம்பியிருக்கும் எனக்கு வெட்கம் நேரவிடாதீர் என்பது அதன் கருத்து. நம் ஊர்ப் பதிகத்தில் அம்மையார் தம் பெயரை வைத்த அதே கடைசி இடம் அது. இங்கே பெயர் இல்லை. யார் பாடுகிறாரோ அவரே அந்த 'நான்'.

இத்தகைய பாடலை அரசர்கள் சும்மா விடுவார்களா? ஐரோப்பாவில் முடிசூட்டு விழா, இளவரசர் பிறப்பு, போர் வெற்றி எல்லாவற்றுக்கும் 'தே தேயும்' பாடுவது அரசவை வழக்கமாயிற்று. பீரங்கிகள் முழங்க, பேராலயங்களில் இது ஒலித்தது. இசைமேதை ஹாண்டல் 1713-இல் யூட்ரெக்ட் சமாதான உடன்படிக்கைக்காக ஒரு 'தே தேயும்' இசையமைத்தார்; அதே ஹாண்டல் 1743-இல் தெத்திங்கன் போர்க்கள வெற்றிக்காக மற்றொன்று அமைத்தார். சமாதானத்துக்கும் அதே சொற்கள், சண்டைக்கும் அதே சொற்கள். இருபக்கத்துப் படையும் ஒரே கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு சண்டையிட்ட நாட்களும் உண்டு. பாடலின் மேல் குறையில்லை. ஆயினும், கொள்ளைநோயின் நடுவிலும் வேதசாட்சிகளின் நினைவிலும் வேர்விட்ட பாடல், கொன்றவர்களின் வெற்றிப் பாட்டாகவும் ஆனதை எண்ணினால் மனம் கசக்கிறது.

தெத்திங்கன் வெற்றிக்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், நம் தமிழ் மண்ணின் தென்கோடியில் இதே பாடல் வேறொன்றுக்காக ஒலித்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனைப் பணியில் இருந்தவர். குடும்பத்தில் துன்பத்துக்கு மேல் துன்பம் வந்து வாடியபோது, 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு மன்னரின் படைத்தலைவராக உயர்ந்த டச்சுக்காரர் டி லனாய், எல்லாவற்றையும் இழந்தும் கடவுளைப் போற்றிய யோபுவின் வரலாற்றை அவருக்குச் சொன்னார். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் ஞானஸ்நானம் பெற்று, நீலகண்ட பிள்ளை 'தேவசகாயம்' ஆனார். லாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவம் அது. மனைவி பார்கவி 'ஞானப்பூ' ஆனார்.

1749-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். எருமை மேல் பின்புறம் நோக்கி உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார். மூன்று ஆண்டுகள் இத்துன்பம் நீடித்தது. 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் இரவு, ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டில் எறியப்பட்ட உடலின் எச்சங்களைச் சில நாட்களுக்குப் பின் மக்கள் எடுத்து வந்து, கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.

அப்போது கோட்டாறு பகுதி கொச்சி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கு ஆயராயிருந்த கிளெமெந்தே ஜோசே ஆண்டகை, இம்மரணச் செய்தி கேட்டதும் 'தே தேயும்' பாடி நன்றி செலுத்தச் செய்தார் என்று தேவசகாயத்தின் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். சற்று எண்ணிப் பாருங்கள். நாற்பது வயதும் நிரம்பாத ஒருவர் கொல்லப்பட்டிருக்கிறார். மனைவி கைம்பெண்ணாக நிற்கிறார். மக்கள் அச்சத்தில் இருக்கிறார்கள். ஒப்பாரி ஒலிக்க வேண்டிய நேரத்தில் நன்றிப் பாடல்! வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இது கல்நெஞ்சமாகத் தோன்றலாம். ஆனால் வேதசாட்சிகளின் படை என்னும் அந்த வரியைப் பாடியவர்களுக்கு, அந்தப் படையில் தமிழ் பேசும் ஒருவர் இப்போது நிற்கிறார் என்பது தெரிந்திருந்தது. எங்களையும் அவர்களோடு எண்ணும் என்ற வேண்டுதலையும் அன்று அவர்கள் வாய் தழுதழுக்கத்தான் பாடியிருக்க வேண்டும். 1756-இல் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் ஆயர் தேவசகாயத்தைக் குறித்து எழுதினார். திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவிக்க அதன்பின் 266 ஆண்டுகள் ஆயின. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அதனைச் செய்தார்.

நம் பாட்டிமார் காலத்தில் ஆலயங்களில் இதை இலத்தீனிலேயே பாடினர். பொருள் தெரிந்து பாடியவர் சிலர், மெட்டுக்காகவே பாடியவர் பலர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. 'தே தேயும்' தமிழிலும் பாடப்படலாயிற்று. தமிழ்ச் சீர்திருத்தச் சபையினருக்கும் இது புதியதன்று. ஆங்கிலத் திருச்சபையின் 1549-ஆம் ஆண்டு ஜெப நூலிலேயே காலை வழிபாட்டில் இதற்கு இடம் தரப்பட்டிருந்தது. நற்கருணை ஆசீரின் முடிவில் ஆங்கிலத்தில் பாடும் பழைய துதிப்பாடல் ஒன்றைக் கான்வென்டுகளில் படித்த பலர் அறிவர். அதுவும் இதன் பேத்தியே. சிலேசியா நாட்டுக் குரு இக்னாஸ் பிரான்ஸ் 1771-ஐ ஒட்டி 'தே தேயும்' கீதத்தை ஜெர்மன் மொழியில் செய்யுளாக்கினார். 1774-இல் வியன்னாவில் வெளிவந்த பாடல் நூலில் அதற்கு இன்றைய மெட்டு அமைந்தது. அமெரிக்கக் குரு கிளாரன்ஸ் வால்வொர்த் அதை ஆங்கிலமாக்கினார்.

இன்று புதிய ஆயர் அருட்பொழிவு பெற்றபின், மக்களை ஆசீர்வதித்தபடி ஆலயத்தைச் சுற்றி வரும்போது இக்கீதம் பாடப்படுகிறது. டிசம்பர் 31 மாலையில், கடந்த ஆண்டுக்கு நன்றியாகத் திருத்தந்தையின் முன்னிலையில் உரோமையிலும், எத்தனையோ பங்கு ஆலயங்களிலும் பாடுகிறார்கள். அருட்சகோதரிகளின் ஜெப நூலில் ஞாயிறுகளிலும் பெருவிழா, திருவிழா நாட்களிலும் வாசகங்களுக்குப் பின் இது வரும். தவக்கால ஞாயிறுகளில் மட்டும் வராது. அந்த வாரங்களில் வாசகம் முடிந்ததும் மன்றாட்டு நேரே தொடங்கிவிடும். உயிர்ப்பு ஞாயிறு பிறந்ததும் 'தே தேயும்' தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்துவிடும்.